இன்னைக்கு மட்டும் சிஸ்டர்

நான்காவது மாடியில் கதவு திறந்ததும் சிஸ்டர் உள்ளே நுழைந்தார். வெள்ளைத் துண்டு சுற்றிய ஒரு சின்ன மூட்டையை மார்போடு அணைத்திருந்தார். லிஃப்டில் நின்றவர்கள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு வழி விட்டார்கள். எக்ஸ்ரே உறையைக் கக்கத்தில் இடுக்கியிருந்த ஒரு பெண்மணிக்கு மட்டும் ஆசை அடங்கவில்லை. எட்டிப் பார்த்து, "ஆம்பளப் புள்ளையா, பொம்பளப் புள்ளையா?" என்று கேட்டார்.

"தண்ணி," என்றார் சிஸ்டர்.

உண்மையில் தண்ணீர்தான். துண்டுக்குள் ஒரு ரப்பர் பை, பையில் வெதுவெதுப்பான தண்ணீர், ஓரத்தில் மூக்கை நீட்டிக்கொண்டு ஒரு தெர்மாமீட்டர். முதல் மாடி வந்ததும் சிஸ்டர் தெர்மாமீட்டரை உருவிப் பார்த்தார். முழங்கைக்குக் கீழே ஒட்டியிருந்த பிளாஸ்திரித் துண்டில் பேனாவால் எதையோ கிறுக்கினார். பிறகு மூட்டையின் முதுகைத் தட்டிக் கொடுத்தபடியே இறங்கிப் போனார். தண்ணீர்ப் பைதான் என்றாலும் கை பழக்கத்தை விடுமா?

பெண்மணி லிஃப்ட்காரரைப் பார்த்தார். லிஃப்ட்காரர் பொத்தான்களைப் பார்த்துக்கொண்டே, "அவங்க அப்படித்தாம்மா. எதையும் செஞ்சு பாத்தாத்தான் தூக்கம் வரும்," என்றார்.

பச்சிளங்குழந்தைப் பிரிவின் பொறுப்பு நர்ஸ் என்பது அவர் கழுத்தில் தொங்கும் அட்டையில் உள்ள பட்டம். மருத்துவமனை முழுவதும் வழங்குகிற பெயர் 'இன்னைக்கு மட்டும் சிஸ்டர்'. யாரிடம் எந்த மாற்றத்தைக் கேட்டாலும் அந்தச் சொல்லில்தான் தொடங்குவார். "இன்னைக்கு மட்டும் இப்படிச் செஞ்சு பாப்போமா? சரியா வரலைன்னா நாளைக்குப் பழையபடி." ஒரு நாள் கை கழுவும் சோப்பு குழாயின் இடப்பக்கம் போகும். இன்னொரு நாள் தாய்மார்கள் உட்காரும் நாற்காலி தொட்டிலைப் பார்த்துத் திரும்பும். சில மாற்றங்கள் அங்கேயே குடியேறிவிடும். பல, மறுநாள் காலையில் சத்தமில்லாமல் மூட்டை கட்டிவிடும். போனதற்காக சிஸ்டர் முகம் வாடி யாரும் பார்த்ததில்லை. "சரியா வரலையா? நல்ல வேளை, சின்னதாச் செஞ்சோம்," என்பார். அவ்வளவுதான்.

ஆள் உயரம், ஒல்லி. வேகமாக நடப்பார், ஓடமாட்டார். இடது செருப்பு மட்டும் கீச்சென்று கத்தும். குழந்தைகள் தூங்கும் அறைக்குள் போகும்போது அந்த ஒரு காலை நுனியில் ஊன்றி நடப்பார். தேநீரை வாங்கி வைத்துவிட்டு மறந்துபோவார். ஆறிய பிறகு ஒரே மடக்கில் குடித்து, "இப்பத்தான் சரியான சூடு," என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொள்வார். பிளாஸ்திரியை முழங்கையிலிருந்து பிய்க்கும்போது மட்டும், பெரிய ஆபரேஷன் நடப்பதுபோலக் கண்ணை இறுக மூடிக்கொள்வார்.

மாலையில் அவரை அழைத்துப் போக ஸ்கூட்டரில் வரும் கணவர் ஜெராக்ஸ் கடைக்காரர். மனைவி வரத் தாமதமானால் லிஃப்ட் பக்கம் வந்து பேச்சுக் கொடுப்பார். "உங்களுக்கு எட்டு மணி நேரந்தான் சார் தொல்லை. எனக்கு?" என்று ஒரு நாள் ஆரம்பித்தார். "நேத்து கண்ணாடி மாட்டுற ஆணி நகந்துடுச்சு. சொல்லவே இல்ல. நான் பாட்டுக்குச் சீப்ப எடுத்துட்டுப் போயி, வெறும் செவுத்தப் பாத்துத் தலை சீவிட்டுக் கடைக்குப் போயிட்டேன்."

"நீங்க கேக்குறதில்லையா?"

"கேட்டேனே. 'இன்னைக்கு மட்டும்'னா. சார், கல்யாணமே அப்படித்தான். பொண்ணு பாக்கப் போனப்ப, 'இன்னைக்குப் பேசிப் பாப்போம், சரியா வரலைன்னா அவங்கவங்க வீட்டுக்கு'ன்னா. இன்னும் பேசிட்டிருக்கோம்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். குறை சொல்கிற சிரிப்பாக அது இல்லை.

இப்படியெல்லாம் பேசிக்கொள்ளுமளவுக்கு லிஃப்ட்காரர் அந்தக் குடும்பத்தோடு பழகியது பிறகு. தொடக்கத்தில் சிஸ்டரைக் கண்டாலே அவருக்கு எரிச்சல்.

விஷயம் இதுதான். அந்தக் கட்டடம் தேவைக்கேற்ப ஒட்டுப்போட்டு வளர்ந்த கட்டடம். பிரசவ அறை நான்காவது மாடியில். குறைமாதக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிரிவு முதல் மாடியில். மேலே பிறந்த குழந்தையைத் துணியில் பொதிந்து, லிஃப்டில் ஏற்றிக் கீழே கொண்டுவர வேண்டும். அப்படி வந்து சேரும் குழந்தைகளில் பல தொட்டால் சில்லென்றிருந்தன. உள்ளங்கை அகலம் உள்ள உடம்புக்குக் குளிர் சின்ன விஷயமில்லை. மூச்சு திணறும், சர்க்கரை இறங்கும், பால் குடிக்கத் தெம்பிருக்காது. மற்றக் குழந்தை ஒரு வாரத்தில் தேறினால் இது மூன்று வாரம் இழுக்கும். இழுத்த பிறகும் தேறாமல் போனவை உண்டு. அந்த நாட்களில் முதல் மாடியில் லிஃப்ட் கதவு திறந்தால், உள்ளே ஏறுகிறவர்களின் முகத்தைப் பார்க்க லிஃப்ட்காரருக்குத் தைரியம் வராது.

சூடேற்றும் பெட்டியோடு கூடிய வண்டி கேட்டு மேலிடத்துக்கு எழுதியிருந்தார்கள். அது வரும்போது வரும். அதுவரைக்கும் சுற்றறிக்கைகள் வந்தன. 'குழந்தைகளைக் கொண்டுவரும்போது அனைவரும் மிகுந்த கவனத்துடன் இருக்கவும்.' லிஃப்டுக்குள்ளும் ஒன்று ஒட்டப்பட்டது. அதைப் படிக்கும்போதெல்லாம் 'அனைவரும்' என்ற சொல்லுக்குள் தான் மட்டும் உட்கார்ந்திருப்பதுபோல் லிஃப்ட்காரருக்குத் தோன்றும். ஒவ்வொரு மாடியிலும் நிற்கிற லிஃப்ட். கூட்டம் ஏறுகிறது, இறங்குகிறது. வேறு யாரைச் சொல்லப்போகிறார்கள்?

அந்த நேரம் பார்த்துத்தான் பிரிவுக்குப் புதிதாகப் பொறுப்பேற்ற சிஸ்டர் வந்து நின்றார்.

"அண்ணே, கொழந்தைங்க சில்லுன்னு வருது. லிஃப்ட் நின்னு நின்னு வர்றதாலயோன்னு ஒரு சந்தேகம்."

லிஃப்ட்காரருக்குச் சுருக்கென்றது. "நான் என்னம்மா பண்றது? கூப்புட்ட மாடியில நிக்கத்தானே வேணும்? நிக்காமப் போனா அதுக்கும் என்னத்தான் திட்டுவாங்க. எல்லாத்துக்கும் நான்தான் கெடச்சேனா?"

"யார் மேல தப்புன்னு நான் கேக்கவே இல்லண்ணே," என்றார் சிஸ்டர். "எனக்குத் தெரியல, அதான் வந்தேன். இன்னைக்கு மட்டும் ஒண்ணு செஞ்சு பாப்போமா? மேல இருந்து போன் வந்ததும் லிஃப்ட நாலாவது மாடியிலயே நிறுத்தி வெச்சிருங்க. கொழந்தைய ஏத்திக்கிட்டு நேரா கீழ வாங்க. சரியா வரலைன்னா நாளைக்குப் பழையபடி."

முடியாது என்று சொல்ல லிஃப்ட்காரர் வாயெடுத்தார். ஆனால் ஒரே ஒரு நாளைக்கு முடியாது என்று எப்படிச் சொல்வது? தலையாட்டிவிட்டார்.

அன்று மதியம் போன் வந்தது. லிஃப்டை நான்காவது மாடியில் நிறுத்திக்கொண்டு காத்திருந்தார். உள்ளேயிருந்த குழந்தைக்கோ அவசரமில்லை. வரவே மாட்டேன் என்றது. இரண்டாவது மாடியில் ஆபரேஷன் முடிந்த நோயாளி ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி லிஃப்டுக்காகக் காத்துக் கிடந்தார். அறுவை சிகிச்சை டாக்டர் படியேறி வந்து, வார்டு வாசலில் நின்றவர்கள் எல்லோரும் கேட்க லிஃப்ட்காரரை ஒரு பிடி பிடித்தார். லிஃப்ட்காரரின் காது மடல் சிவந்துபோனது.

விஷயம் தெரிந்ததும் சிஸ்டர் படியேறி வந்தார். நேராக டாக்டரிடம் போனார். "டாக்டர், அவரா நிறுத்தல. நான் நிறுத்தச் சொன்னேன். இப்ப வேணாம்னு சொல்லிடுறேன். உங்க பேஷண்ட் காத்திருந்ததுக்கு மன்னிச்சுக்குங்க." டாக்டருக்குத் திட்ட ஆளில்லாமல் போயிற்று. முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போனார்.

லிஃப்ட்காரர் பொரிந்து தள்ளத் தயாராக இருந்தார். அதற்குள் சிஸ்டர் அவர் பக்கம் திரும்பி, "ரொம்ப நன்றிண்ணே," என்றார்.

"எதுக்கு? அதான் சொதப்பிடுச்சே!"

"சொதப்பும்னு இப்பத்தானே தெரிஞ்சுது! ஒரு மாசத்துக்கு ஆர்டர் போட்டிருந்தா எத்தனை ஸ்ட்ரெச்சர் நின்னிருக்கும்? நீங்க ஒரு மத்தியானத்துல கண்டுபுடிச்சுக் குடுத்துட்டீங்க."

வீட்டுக்குப் போய் மனைவியிடம் இதைச் சொன்னபோது லிஃப்ட்காரருக்கே விளங்கவில்லை. "திட்டு வாங்கினேன், அதுக்கு நன்றி சொல்றாங்க. என்ன ஜென்மமோ?" என்றார். ஆனால் சாப்பாட்டில் கை வைக்கும்போது, டாக்டரின் குரல் காதில் இல்லை, சிஸ்டரின் குரல்தான் இருந்தது.

அடுத்து, லிஃப்டை முன்கூட்டியே நிறுத்தி வைக்காமல், குழந்தை பிரசவ அறை வாசலைத் தாண்டிய பிறகு மட்டும் லிஃப்டுக்கு மணி அடிப்பது என்று வைத்துப் பார்த்தார்கள். அது யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் ஓடியது. குழந்தைகள் முன்னைவிட விரைவாகக் கீழே வந்தன. ஆனால் குளிர்ந்தேதான் வந்தன. கம்பளித் தொப்பி போட்டுப் பார்த்தார்கள். பெரிதாக இருந்ததால் கண்ணை மறைத்துக்கொண்டு மூக்கில் வந்து நின்றது. சின்னத் தொப்பி தைத்துப் பார்த்தார்கள். கொஞ்சம் பலன், போதுமான பலன் இல்லை.

அதற்கப்புறம்தான் தண்ணீர்ப் பை வந்தது. நிஜக் குழந்தையை வைத்துக்கொண்டு வழியில் நின்று நின்று சூடு பார்க்க முடியாதே. குறைமாதக் குழந்தையின் எடைக்குத் தண்ணீரை நிறைத்து, அதன் உடம்புச் சூட்டுக்கு ஆக்கி, அதே துண்டில் சுற்றி, சிஸ்டர் தானே மேலும் கீழும் தூக்கிக்கொண்டு அலைந்தார். லிஃப்ட் ஏறும்போது ஒரு கணக்கு, இறங்கும்போது ஒரு கணக்கு. மருத்துவமனையே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. லிஃப்ட்காரருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. மூட்டையோடு சிஸ்டர் ஏறும்போதெல்லாம், தீர்ப்பைக் கேட்க நிற்கிறவர்போல அவர் தெர்மாமீட்டரையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு பகல் வேளையில் சிஸ்டர் மூட்டை இல்லாமல் வெறுங்கையோடு வந்தார். லிஃப்டில் வேறு நாலைந்து பேர் இருந்தார்கள். அவர்களைப் பற்றிக் கவலைப்படவில்லை.

"அண்ணே, லிஃப்ட் இல்ல."

"என்னது?"

"குளிர் லிஃப்ட்ல இல்ல. ஏறும்போது இருக்குற சூடு எறங்கும்போதும் அப்படியேதான் இருக்கு. நான்தான் தப்பா நெனச்சுட்டு இத்தனை நாளா உங்களப் போட்டுப் படுத்திட்டேன். பிரசவ ரூம்லயே எங்கயோ ஆறுது. சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். லிஃப்ட்காரர் அடுத்த மாடிக்குப் பொத்தானை அழுத்தினார். அந்த லிஃப்டில் அவர் நின்ற காலத்தில் எத்தனையோ பேர் அவர்மேல் எதையெதையோ சுமத்தியிருக்கிறார்கள். கைக்குட்டை தொலைந்தால்கூட அவரைத்தான் கேட்பார்கள். ஆனால் சந்தேகப்பட்ட ஒருத்தர், நாலு பேர் முன்னால் வந்து, 'நீ இல்லை, நான்தான்' என்று சொல்லிவிட்டுப் போனது அதுவே முதல் தடவை. அந்த ஷிஃப்ட் முடியும்வரை அவர் ஏறியவர்களிடமெல்லாம் காரணமில்லாமல், "பாத்து வாங்க, பாத்து வாங்க," என்று சொல்லிக்கொண்டிருந்தார். சாயங்காலம் ஒரு வேலை செய்தார். லிஃப்டுக்குள் ஒட்டியிருந்த அந்தச் சுற்றறிக்கையை, யாரும் இல்லாத நேரம் பார்த்து, நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டார்.

அடுத்த நாள் சிஸ்டர் அவரைக் கூப்பிட்டது லிஃப்டுக்காக இல்லை. ஒரு மேஜையைத் தள்ள ஆள் வேண்டியிருந்தது.

பிரசவ அறையின் பொறுப்பு நர்ஸை எல்லோரும் மேஜர் என்பார்கள். பட்டாளத்தில் இருந்தவரில்லை, குரல் மட்டும் அங்கிருந்து வந்தது. மேஜர் கதவை மறித்துக்கொண்டு நின்றார்.

"உன் வார்டுல நீ என்ன வேணா ஆட்டிக்கோ. என் ரூம்ல ஒரு பஞ்சைக்கூட நகத்த விடமாட்டேன். எத்தனை ஆயிரம் பிரசவம் பாத்த எடம் இது தெரியுமா?"

"தெரியும்க்கா. உங்களவிட எனக்கு இந்த ரூமப் பத்தித் தெரியாதுக்கா," என்றார் சிஸ்டர். "கொழந்தையத் தொடைக்கிற மேஜைக்கு நேர் மேல ஏசி காத்து எறங்குது. தண்ணிப் பைய அங்க வெச்சுப் பாத்தேன். தொடைச்சு, எடை போட்டு, கையில அட்டை கட்டுற நேரத்துக்குள்ள பாதி சூடு போயிடுது. இன்னைக்கு மட்டும், ஒரே ஒரு பிரசவத்துக்கு, அந்த மூலைக்கு நகத்திப் பாப்போம். அப்புறம் நானே திருப்பி வெச்சிடுறேன்."

மேஜர் சிஸ்டரை மேலும் கீழும் பார்த்தார். "ஒண்ணே ஒண்ணு," என்று விரலை நீட்டிவிட்டு ஒதுங்கினார்.

லிஃப்ட்காரரும் ஒரு ஆயாவும் மேஜையை மூலைக்குத் தள்ளினார்கள். தள்ளிய பிறகுதான் தெரிந்தது, மேஜைக்கு மேலே எரிய வேண்டிய சூட்டு விளக்கின் ஒயர் அங்கே எட்டவில்லை. ஈரத் தரையில் ஒட்டு ஒயர் போடக்கூடாது. ஒரு மணி நேரம் போவதற்குள் மேஜை பழைய இடத்துக்கே வந்து சேர்ந்தது.

"நான் அப்பவே சொன்னேனா இல்லையா?" என்றார் மேஜர். அந்த ஒரு வரியில் அவருக்கு எத்தனை திருப்தி!

"சொன்னீங்கக்கா. நீங்க சொன்னதுதான் சரி," என்றார் சிஸ்டர். குரலில் கேலி இல்லை. "எதுவரைக்கும் எட்டும்னு உங்களுக்குத்தான் தெரியும். கொஞ்சம் சொல்லுங்களேன்."

சண்டைக்குத் தயாராக இருந்த மேஜருக்கு எதிராளி இல்லாமல் போய்விட்டது. பிறகு தானே போய் விளக்கைப் பிடித்து இழுத்து, "இங்க வரைக்கும் எட்டும்," என்று காலால் தரையில் ஒரு இடத்தைத் தட்டிக் காட்டினார். "ஆனா இங்க வெச்சா டாக்டருக்கு இடிக்கும். மேஜையத் திருப்பிப் போடணும். ஏய், என்ன வேடிக்க பாக்குறீங்க? புடிங்க அந்தப் பக்கம்!"

லிஃப்ட்காரர் அந்தப் பக்கம் பிடித்தார்.

மேஜை அங்கே வந்தபின் பிறந்த முதல் குழந்தை கதகதப்பாகக் கீழே வந்தது. எல்லோரும் கொண்டாட வாயைத் திறப்பதற்குள் இரண்டாவது குழந்தை சில்லென்று வந்தது. சிஸ்டர் மேலே விரைந்து வந்து, "எது மாறிச்சு, எது மாறிச்சு?" என்று பொக்கிஷம் தேடுகிறவர்போல அலைந்தார். இந்தத் தடவை கண்டுபிடித்தது மேஜர். துடைத்த துண்டிலேயே குழந்தையைச் சுற்றியிருந்தார்கள், ஈரத்துணி. "தொடைக்க ஒண்ணு, சுத்த ஒண்ணு. ஈரத்த அப்பவே தூக்கிக் கடாசிடணும்," என்றார் மேஜர். பிறகு, பிரசவம் பார்த்த டாக்டரிடம், தயக்கமே இல்லாமல், "இன்னைக்கு மட்டும் இப்படிச் செஞ்சு பாக்குறோம் டாக்டர்," என்றார். சொன்ன பிறகுதான் தன் வாயில் என்ன வந்தது என்பது அவருக்கே உறைத்தது. ஆயா சிரிப்பை அடக்க முடியாமல் வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

எல்லாம் கூடிவந்துவிட்டது என்று நினைத்த நேரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்த குழந்தை மறுபடி குளிர்ந்து வந்தது. காய்ந்த துண்டு வைத்திருக்கும் அலமாரிச் சாவி, விடுமுறைக்குப் போன ஒருத்தரின் கைப்பைக்குள் இருந்தது. பூட்டையே கழற்றிவிட்டார்கள். இப்படி ஒவ்வொன்றாக ஒட்டி, உதிர்ந்து, மறுபடி ஒட்டி, கடைசியில் நின்றது பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை. ஒரு மேஜை இடம் மாறியது. இரண்டு துண்டு. ஒரு சின்னத் தொப்பி. பூட்டில்லாத ஓர் அலமாரி. அட்டை கட்டுகிற வேலை குழந்தையைப் பொதிந்த பிறகு என்று பின்னால் போயிற்று. லிஃப்டுக்கு ஒரு மணி. புதிய வண்டி அதற்குள்ளும் வரவில்லை. முதல் மாடியில் ஏறுகிறவர்களின் முகத்தை லிஃப்ட்காரர் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்து பார்க்கத் தொடங்கினார்.

அவருடைய மகள் முதல் பிரசவத்துக்காக வீட்டுக்கு வந்திருந்தாள். மாதம் இன்னும் இருந்தது. துணி மடித்துக்கொண்டிருந்தவள் வலி வந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள் என்று மனைவி போன் செய்தபோது, லிஃப்ட்காரர் ஒரு திருமண வீட்டுக் கூட்டத்தைப்போல நோயாளியைப் பார்க்க வந்த ஒரு குடும்பத்தையே மூன்றாவது மாடிக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். மகள் ஆம்புலன்ஸில் வந்தாள். தன் லிஃப்டிலேயே அவளை நான்காவது மாடிக்கு ஏற்றினார். ஸ்ட்ரெச்சரில் கிடந்தபடி அவள், "அப்பா, இன்னும் நாள் இருக்கேப்பா," என்றாள். "ஒண்ணுமில்லடா," என்றார். நான்காவது மாடிப் பொத்தானை இன்னொரு தடவை அழுத்தினார்.

மாற்று ஆள் வர நேரமாகும் என்றார்கள். வேறு வழியில்லை, நின்றார். ஏறியவர்கள் மாடி எண்ணைச் சொன்னார்கள், அவர் அழுத்தினார். காது மட்டும் மணிக்காகக் காத்திருந்தது.

மணி அடித்தது.

கதவு திறந்தபோது மேஜரே நின்றிருந்தார். ஆயாவிடம் கொடுத்து அனுப்பாமல் தானே தூக்கிக்கொண்டு வந்திருந்தார். மூட்டைக்கு மேலே சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு முகம், அதற்கு மேலே சிவப்பில் ஒரு தொப்பி. லிஃப்ட்காரர் அப்படியே நின்றுவிட்டார். கை பொத்தான் பக்கம் போகவில்லை.

"தாத்தா!" என்று அதட்டினார் மேஜர். "பொத்தான அழுத்துங்க. பேத்தி. உங்க பொண்ணும் நல்லா இருக்கா. பாக்கலாம், தொடக்கூடாது." பிறகு, அந்தக் குரலைக் கீழே இறக்கி, "கதகதன்னு இருக்கா. கவலப்படாதீங்க," என்றார்.

லிஃப்ட்காரர் முதல் மாடிப் பொத்தானை அழுத்தினார். மேலும் கீழும் போய் வந்து அலுத்த அந்த வழி அன்று முடியவே மாட்டேன் என்றது. முதல் மாடியில் கதவு திறந்ததும் சிஸ்டர் கைகளை நீட்டிக்கொண்டு நின்றிருந்தார். மேஜர் கொடுத்தார், சிஸ்டர் வாங்கினார். கீச்சிடும் காலை நுனியில் ஊன்றி உள்ளே போய்விட்டார். கதவு மூடிய பிறகு, ஆளில்லாத லிஃப்டில், லிஃப்ட்காரர் முதல் தடவையாகச் சுவரில் சாய்ந்து நின்று அழுதார். எங்கே நகர்த்திய மேஜை, யார் மாற்றிய துண்டு! தன் கையால் ஒரு பக்கம் பிடித்துத் தள்ளிய மேஜையில் தன் பேத்தி வந்து படுப்பாள் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருப்பாரா?

குழந்தை தேறியது. சொட்டுச் சொட்டாகப் பால் குடித்தது, பிறகு மடக் மடக்கென்று குடித்தது, பிறகு பால் தாமதமானால் வார்டையே கூட்டியது. மகள் குழந்தையோடு வீட்டுக்குப் போன மறுநாள், லிஃப்ட்காரர் சிஸ்டர் தனியாக ஏறும் நேரத்துக்குக் காத்திருந்தார். என்ன சொல்வது என்று காலையிலிருந்து மனதுக்குள் கோத்து வைத்திருந்தார். சிஸ்டர் தரைத்தளத்தில் ஏறியதும் எல்லாம் அறுந்துபோயிற்று.

"சிஸ்டர்... எங்க வீட்டுல எல்லாரும்... நீங்க மட்டும் இல்லேன்னா..."

"சந்தோஷம்ணே," என்றார் சிஸ்டர். அவருக்கும் கண் கலங்கியிருந்தது, மறைக்கவில்லை. நன்றியைத் தட்டிக்கழிக்கவும் இல்லை, நல்ல பொருளை வாங்கி வைப்பதுபோல வாங்கிக்கொண்டார். பிறகு கேட்டார்: "பொண்ணுக்கு எங்க பிரிவுல எது கஷ்டமா இருந்துச்சுண்ணே?"

"ஐயோ, ஒண்ணுமே இல்ல சிஸ்டர்! எல்லாம் நல்லா இருந்துச்சு. தங்கமாப் பாத்துக்கிட்டாங்க."

"எல்லாம் நல்லா இருந்துச்சுன்னா நான் எதைச் செய்யறது? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க."

லிஃப்ட்காரர் தவித்தார். உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தவர்களிடம் குறை சொல்வதா? வாய் கூசியது. ஆனால் சிஸ்டர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல... அன்னைக்கு மேல படுத்துட்டிருந்தப்போ... கொழந்தையத் தூக்கிட்டுப் போனாங்கல்ல, அதுக்கப்புறம் அவகிட்ட வந்து யாரும் ஒண்ணும் சொல்லல, எங்களையும் உள்ள விடல. மறுநாள் சாயங்காலந்தான் காட்டுனாங்க. அதுவரைக்கும் கொழந்த இருக்கா இல்லையான்னே தெரியாம, கேக்கவும் பயந்துட்டு, போர்வைய வாயில வெச்சுக்கிட்டு அழுதிருக்கா. என்கிட்டயே நேத்துத்தான் சொன்னா."

முதல் மாடி வந்தது. கதவு திறந்தது. வெளியே சிஸ்டரின் பிரிவு தெரிந்தது.

சிஸ்டர் இறங்கவில்லை. கையை நீட்டி, நான்காவது மாடிப் பொத்தானைத் தானே அழுத்தினார்.